சிக்கனக் கணினியும் தனி அட்டை மோகமும்

ஒரு பொருளின் பயனை ஆராயுமுன் அதன் பெயரைக் கண்டே மயங்கிவிடுதல் சந்தைச் சமுதாயத்தின் இயல்புகளுள் ஒன்றாகும். குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி ஒன்றை அமைக்க முனைவோர் கேட்கும் முதல் வினாவில் இம்மயக்கம் தெளிவாகப் புலப்படுகின்றது. ‘தனி கிராபிக்ஸ் காட் உண்டா?’ என்பதே அவ்வினா. உண்டு என்ற விடை கிடைப்பின் அது விளையாட்டுக் கணினி எனப் போற்றப்படும். இல்லை என்ற விடை கிடைப்பின் அஃது அலுவலகக் கணினி எனத் தள்ளப்படும். அவ்வட்டை யாது, அதன் நினைவகம் எத்தகையது, அதற்கெனச் செலவிடப்பட்ட பணம் கணினியின் வேறெந்த உறுப்பிலிருந்து பறிக்கப்பட்டது என்னும் வினாக்கள் எழுவதேயில்லை.

இக்கருத்தைப் பரப்புவோரை மூவகையினராகப் பிரிக்கலாம். அட்டையை விற்று இலாபம் காணும் வணிகர் ஒரு வகையினர். விலையுயர்ந்த அட்டைகளையே நாள்தோறும் சோதித்துக் காட்டி, சிக்கனமாக வாங்குவோனின் நிலையை அறியாதவராகிவிட்ட காணொளி விமர்சகர் பிறிதொரு வகையினர். ஏலவே ஓர் அட்டையை வாங்கிவிட்டுத் தமது தெரிவை நியாயப்படுத்த முனையும் நுகர்வோர் மூன்றாம் வகையினர். முதலிரு சாராரின் நோக்கம் வெளிப்படையானது. மூன்றாம் சாராரே நம்பத்தகுந்தோராகக் கொள்ளப்படுவதால், அவர்களாலேயே தீங்கு பெரிதும் பரவுகின்றது.

வரைகலை செயலியுடன் ஒருங்கிணைந்ததா, தனி அட்டையில் அமைந்ததா என்னும் வேறுபாடு சிக்கனக் கணினியைப் பொறுத்தவரையில் இரண்டாம்பட்சமானதேயாகும். தீர்க்கமான வேறுபாடு நினைவகத்தின் வேகத்தில் உளது. இதனை உணராது வாங்கப்படும் மலிவான தனி அட்டை, வாங்குவோனுக்கு வேகத்தையும் அளிப்பதில்லை, சிக்கனத்தையும் அளிப்பதில்லை.

இகழ்ச்சியின் வரலாறு

ஒருங்கிணைந்த வரைகலை மீதான இகழ்ச்சி காரணமின்றித் தோன்றியதன்று. 1999 இல் இன்ரெல் நிறுவனம் தனது 810 என்னும் சிப் தொகுதியில் வரைகலையை இணைத்தது. அதே ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டு, வரைகலைச் செயலி என்னும் பெயரைச் சந்தையில் நிலைநாட்டிற்று. ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரண்டும் இரு வேறு நோக்கங்களுக்காகப் படைக்கப்பட்டவை. முன்னையது கடிதம் எழுதுவோனுக்கும் கணக்குப் பார்ப்போனுக்கும் திரையிற் படம் தோன்றச் செய்தாற் போதும் என்ற எண்ணத்தில் உருவானது. பின்னையது முப்பரிமாண விளையாட்டுகளுக்கென உருவானது. அக்காலத்தில் ஒருங்கிணைந்த வரைகலையை விளையாட்டுக்கு உதவாதது என்றுரைத்தவர் உண்மையையே உரைத்தனர்.

ஆயின் அந்நிலை அவ்வாறே நின்றுவிடவில்லை. 2006 இல் ஏ.எம்.டி. நிறுவனம், வரைகலைத்துறையிற் பெயர்பெற்ற ஏ.ரி.ஐ. நிறுவனத்தை ஏறத்தாழ 540 கோடி டொலருக்கு வாங்கியது. 2011 இல் இன்ரெல்லின் சாண்டி பிரிட்ஜ் செயலிகளும் ஏ.எம்.டி.யின் லானோ செயலிகளும் வரைகலையைச் செயலியின் அதே சிலிக்கன் துண்டிற் கொண்டு வெளிவந்தன. 2018 பெப்ரவரியில் றைசன் 3 2200ஜி 99 டொலருக்கும் றைசன் 5 2400ஜி 169 டொலருக்கும் அறிமுகமாயின. மலிவான தனி அட்டைகளுடன் நேருக்கு நேர் ஒப்பிடத்தக்க வரைகலை செயலியின் விலைக்குள்ளேயே அடங்கியது அப்போதேயாம். அதன்பின் 2021 இல் றைசன் 5 5600ஜி, 2024 இல் 8600ஜி, 8700ஜி என அவ்வரிசை வளர்ந்தது.

பொருள் மாறிய பின்னரும் அதுபற்றிய தீர்ப்பு மாறாதிருப்பின் அத்தீர்ப்பு அறிவின்பாற்பட்டதன்று, வழக்கத்தின்பாற்பட்டது. 1999 ஆம் ஆண்டின் உண்மையை இன்றைய உண்மையாக ஓதுவோர் தம்மைத் தொழினுட்ப அறிஞராகக் காட்டிக்கொள்வது வியப்பிற்குரியதாகும்.

அளவுகோல் யாது?

திரையிற் செக்கனுக்கு 60 சட்டகங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு சட்டகத்தையும் வரைவதற்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன்களே உள. அவ்விடைவெளியில் மேற்பரப்புப் படிமங்களும் ஆழத் தரவுகளும் நினைவகத்திலிருந்து மீண்டும் மீண்டும் வாசிக்கப்படவும் எழுதப்படவும் வேண்டும். கணிப்பலகுகள் எத்துணை இருப்பினும், தரவு வந்து சேரும்வரை அவை வாளாவிருக்க நேரிடும். ஒரு செக்கனில் நினைவகத்திலிருந்து எவ்வளவு தரவைப் பெறலாம் என்பதனைப் பட்டையகலம் என்பர். சிக்கன நிலையில் உள்ள வரைகலையின் தராதரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இப்பட்டையகலமேயாகும்.

ஒருங்கிணைப்புத் தன்னளவிற் குறைபாடன்று என்பதற்குச் சான்று வேண்டுவோர் விளையாட்டுக்கென்றே உருவான பொறிகளை நோக்குவாராக. 2013 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, 2020 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டிலும் செயலியும் வரைகலையும் ஒரே சிப்பில் அமைந்துள்ளன. அவற்றில் தனி அட்டை இல்லை. முன்னையதன் நினைவகம் செக்கனுக்கு 176 கிகாபைற்றும், பின்னையதன் நினைவகம் 448 கிகாபைற்றும் வழங்குவன. 2022 இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கப் பொறியும் அத்தகையதே. அதன் சிப் 15 உவாற்று வலுவுக்குள் இயங்கிக்கொண்டு 1280×800 பிரிதிறனில் எண்ணற்ற விளையாட்டுகளை இயக்குகின்றது. ஒருங்கிணைந்த வரைகலையால் விளையாட இயலாது என்று அறுதியிட்டுரைப்போர், தமது வீட்டு வரவேற்பறையிலேயே அதற்கு மாறான சான்று இருப்பதைக் காணாதவராவர்.

சாதாரண மேசைக்கணினிக்கு இதனைப் பொருத்தி நோக்குவோம். டி.டி.ஆர். 4 வகையில் 3200 வேகமுடைய றாம் துண்டு ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற் வழங்கும். அதே வகையில் இரண்டு துண்டுகளை உரிய இடங்களிற் பொருத்தினால், டுவல் சானல் எனப்படும் இரட்டை வழியில் அது 51.2 கிகாபைற்றாகும். டி.டி.ஆர். 5 வகையில் 6000 வேகமுடைய இரு துண்டுகள் 96 கிகாபைற் வழங்கும். ஒரே செயலி, ஒரே தாய்ப்பலகை, ஒரே அளவு நினைவகம். எனினும் 16 கிகாபைற் கொண்ட ஒரு துண்டுக்குப் பதிலாக 8 கிகாபைற் கொண்ட இரு துண்டுகளைப் பொருத்துவதனால் வரைகலைக்குக் கிட்டும் பட்டையகலம் இருமடங்காகின்றது. ஒருங்கிணைந்த வரைகலையைப் பழித்துரைப்போருட் பலர், ஒற்றைத் துண்டு பொருத்தப்பட்ட கணினியையே கண்டு பழித்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இனி, இரட்டை வழியின் 51.2 என்னும் எண்ணை மனத்திற் கொண்டு மலிவான தனி அட்டைகளை நோக்குதல் வேண்டும்.

ஜி.ரி. 710 என்னும் அட்டையின் டி.டி.ஆர். 3 நினைவகம் செக்கனுக்கு 14.4 கிகாபைற் மட்டுமே வழங்குவது. அது சார்ந்த கெப்லர் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீடும் 2021 இல் நிறுத்தப்பட்டது. ஒருங்கிணைந்த வரைகலை உள்ள கணினியில் இவ்வட்டையைப் பொருத்துவது, ஓடும் காளையை அவிழ்த்துவிட்டு நொண்டிக் காளையை வண்டியிற் பூட்டுவதற்கு ஒப்பாகும். எனினும் ‘தனி அட்டை உண்டு’ என்னும் ஒரு வாக்கியத்துக்காக அது வாங்கப்படுகின்றது.

ஜி.ரி. 1030 இன் கதை இதனினும் இழிவானது. 2017 இல் அது ஜி.டி.டி.ஆர். 5 நினைவகத்துடன் செக்கனுக்கு 48 கிகாபைற் வழங்குவதாக வெளிவந்தது. 2018 இல் அதே பெயரில், டி.டி.ஆர். 4 நினைவகத்துடன், 16.8 கிகாபைற் மட்டுமே வழங்கும் வேறொரு பொருள் சந்தைக்கு வந்தது. மூன்றிலொரு பங்கைச் சற்றே கடந்த பட்டையகலம் கொண்ட ஒன்றுக்கு முழுப் பெயரும் சூட்டப்பட்டமை வாங்குவோனை ஏய்ப்பதன்றி வேறென்ன? பெட்டியின் மூலையிலுள்ள சிற்றெழுத்துகளை வாசிக்கத் தவறியவன் ஏமாந்தான். இவ்விரண்டாம் வகையினைக் காட்டிலும் கணினியில் உள்ள ஒற்றை றாம் துண்டுகூட அதிக பட்டையகலம் உடையது. முதல் வகையினைக் காட்டிலும் இரு துண்டுகள் அதிகம் உடையன. ஒருங்கிணைந்த வரைகலை தன் பட்டையகலத்தைச் செயலியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருத்தல் உண்மையே. அதனைக் கழித்துப் பார்த்தபோதும், பணம் கொடுத்துத் தனியாக வாங்கத்தக்க மேன்மை அவ்வட்டையில் எஞ்சவில்லை.

இவ்வழக்கம் ஓர் அட்டையுடன் ஒழியவில்லை. ஆர்.ரி.எக்ஸ். 3050 என்னும் பெயரில் 2022 இல் வெளிவந்த 8 கிகாபைற் அட்டை 224 கிகாபைற் பட்டையகலம் உடையது. 2024 இல் வெளிவந்த 6 கிகாபைற் அட்டையோ 168 கிகாபைற்றும் குறைந்த எண்ணிக்கையான கணிப்பலகுகளும் உடையது. நினைவகத்தின் அளவு மட்டுமே வேறு என எண்ணி வாங்குவோன் உண்மையில் வேறோர் அட்டையையே பெறுகின்றான். மேலதிக மின்னிணைப்பு வேண்டாது 70 உவாற்றில் இயங்கும் தன்மை பின்னையதற்கு உண்டு. பழைய கணினிகளுக்கு அது நற்பயனே. அந்நற்பயனை வேறொரு பெயரில் விற்றிருக்கலாம் என்பதே குற்றச்சாட்டாகும்.

2022 சனவரியில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. என்னும் அட்டையும் விதிவிலக்கன்று. 199 டொலர் விலை குறிக்கப்பட்ட அவ்வட்டையில் 4 கிகாபைற் நினைவகமும், தாய்ப்பலகையுடன் பேசுவதற்கு நான்கு வழித்தடங்களுமே உள. நான்காம் தலைமுறை இணைப்பில் இது தாங்கத்தக்கது. மூன்றாம் தலைமுறை இணைப்பில் அப்பாதையின் கொள்ளளவு பாதியாகிவிடுகின்றது. 4 கிகாபைற் நிரம்பி வழியும் வேளையில் விளையாட்டுத் தடுமாறுகின்றது. புதிய தாய்ப்பலகை வாங்க வசதியற்றோருக்கென விற்கப்பட்ட அட்டை, புதிய தாய்ப்பலகையில் மட்டுமே தன் முழு ஆற்றலைக் காட்டும்படி அமைக்கப்பட்டதில் உள்ள முரண்பாட்டை விளக்கவேண்டியதில்லை.

எதிர்வாதங்கள்

தனி அட்டையை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்களுள் மூன்று கவனத்திற்குரியன.

ஒருங்கிணைந்த வரைகலை கணினியின் நினைவகத்தை உண்கின்றது என்பது முதல் வாதம். இது மெய்யே. ஆயின் இதற்குரிய பரிகாரம் 16 கிகாபைற் நினைவகம் வைத்திருத்தலேயாம். அந்நினைவகம் விளையாட்டு முடிந்தபின் பாடத்துக்கும் நிரலாக்கத்துக்கும் உதவும். அட்டையின் நினைவகம் பெரும்பாலும் அட்டைக்கே உதவும்.

புதிய விளையாட்டுகளை ஒருங்கிணைந்த வரைகலை தாங்காது என்பது இரண்டாம் வாதம். இதிலும் பெருமளவு உண்மை உண்டு. 2024 இறுதியில் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சேர்க்கிள்’, 2025 இல் வெளிவந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ ஆகியன ஒளிக்கதிர்த் தடமறிதலை வன்பொருளிலேயே வேண்டுவன. 5600ஜி செயலியின் வேகா வரைகலை அதனை வழங்காது. எனினும் இவ்வாதத்தை முன்வைப்போர் ஒன்றை மறைக்கின்றனர்: அவர்கள் பரிந்துரைக்கும் ஜி.ரி. வரிசை மலிவு அட்டைகளும் அதனை வழங்கா. வாலரன்ட், டோட்டா 2, மைன்கிராப்ட் போன்று உலகில் மிகுதியாக விளையாடப்படும் விளையாட்டுகளோ ஒருங்கிணைந்த வரைகலையில் தாழ்ந்த அமைப்புகளில் நன்கு இயங்குவன. கனமானவற்றுக்குப் பிரிதிறனைக் குறைக்கலாம். 1920×1080 பிரிதிறனில் ஒரு சட்டகத்துக்கு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்களும், 1280×720 பிரிதிறனில் 9 இலட்சத்துச் சொச்சமும் உள. பாதிக்கும் குறைந்த இவ்வேலை சிறு வரைகலைக்கு இயலுவதாகும்.

பின்னர் அட்டை வாங்கும்போது ஒருங்கிணைந்த செயலி தடையாகும் என்பது மூன்றாம் வாதம். மூன்றினுள்ளும் வலியது இதுவே. 5600ஜி செயலியின் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் 16 மெகாபைற். வரைகலையற்ற 5600 இல் அது 32 மெகாபைற். 5600ஜி மூன்றாம் தலைமுறை இணைப்பையே ஆதரிக்கும். ஆகவே சில மாதங்களுள் நல்ல அட்டை வாங்குவது உறுதியாயின், வரைகலையுள்ள செயலியை வாங்குதல் சிறந்ததன்று. உறுதியற்ற எதிர்காலத்துக்காக இன்றைய கணினியைப் பயனற்றதாக்குதல் அதனினும் சிறந்ததன்று. இன்ரெல் செயலிகளிற் பெயரிறுதியில் எஃப் என்னும் எழுத்துடையன வரைகலை அற்றவை. அட்டை பழுதுற்ற நாளில் அத்தகைய கணினியில் திரை ஒளிராது. ஒப்படைப்பு எழுதவும் இயலாது. வீட்டிற்கு ஒரே கணினி உள்ள மாணவனுக்கு இது சிறு செய்தியன்று.

மறுபுறத்து மயக்கம்

தனி அட்டை மோகத்தைக் கண்டிப்பதனால் ஒருங்கிணைந்த வரைகலையின் விளம்பரங்களை அப்படியே ஏற்றல் வேண்டும் என்பதில்லை. ‘ஒருங்கிணைந்தது’ என்பதும் ஒரு பெயரே. 2022 இல் வெளிவந்த றைசன் 7000 வரிசை மேசைக்கணினிச் செயலிகளில் உள்ள வரைகலை இரண்டு கணிப்பலகுகளையே உடையது. திரையை ஒளிரச் செய்வதற்கே அஃது அமைந்தது. 8700ஜி செயலியிலோ பன்னிரண்டு கணிப்பலகுகள் உள. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து விற்பது முன்னர்க் கண்டித்த அதே ஏமாற்றின் மறுவடிவமாகும்.

விலையும் நோக்கப்பட வேண்டும். 2024 சனவரியில் 8700ஜி 329 டொலருக்கு வந்தது. அதற்கு விலையுயர்ந்த டி.டி.ஆர். 5 நினைவகமும் புதிய தாய்ப்பலகையும் வேண்டும். அக்காலத்தில் ஆர்.எக்ஸ். 6600 என்னும் தனி அட்டை அமெரிக்கச் சந்தையில் ஏறத்தாழ 200 டொலருக்குக் கிடைத்தது. அதன் நினைவகம் 8 கிகாபைற். பட்டையகலம் 224 கிகாபைற். 100 டொலர் அளவிலான செயலி ஒன்றுடன் அதனை இணைத்தால், 8700ஜி அருகிலும் நிற்க இயலாத வேகம் அதே செலவிற் கிட்டியது. விளையாட்டே முதன்மை நோக்கமாகவும் அத்தொகை கையிலுள்ளதாகவும் இருப்பின் தனி அட்டையே உரிய தெரிவாகும். 2024 திசம்பரில் 249 டொலருக்கு வந்த இன்ரெல் ஆர்க் பி580, 12 கிகாபைற் நினைவகத்தையும் 456 கிகாபைற் பட்டையகலத்தையும் உடையது. இத்தகைய அட்டைகளை எவரும் பழிக்கவில்லை. பழிக்கப்படுவது, இவற்றின் பெருமையைக் காட்டி விற்கப்படும் சிற்றட்டைகளேயாம்.

செலவுக் கணக்கு

சிக்கனம் என்பது எல்லா நாடுகளிலும் ஒரே பொருளுடையதன்று. 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 259 டொலர் விலை குறிக்கப்பட்ட ஒரு செயலி, வரியும் இலாபமும் சேராத கணக்கிலேயே, ஏறத்தாழ 52,000 ரூபாவிலிருந்து 93,000 ரூபாவுக்கு உயர்ந்தது. விமர்சகர் ஒருவர் ‘இன்னும் 50 டொலர் சேர்த்தால் சிறந்த அட்டை கிடைக்கும்’ என எளிதிற் கூறிவிடலாம். அச்சிறு தொகை இலங்கைக் குடும்பமொன்றின் மாதச் செலவில் எவ்விடத்தை வெட்டுகின்றது என்பதை அவர் அறியார். உலகச் சந்தையின் அறிவுரையை உள்ளூர்ச் சட்டைப்பையின் அளவு நோக்காது ஏற்போர் கடனாளியாவதில் வியப்பில்லை.

மேலும், 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கேள்வி பெருகியதால் நினைவகத்தின் விலை இருமடங்கையும் கடந்து ஏறிற்று. அவ்வாண்டு திசம்பரில் மைக்ரன் நிறுவனம், குறூஷியல் என்னும் பெயரில் நுகர்வோருக்கு நினைவகம் விற்பதைக் கைவிடுவதாக அறிவித்தது. நினைவகத்தை நம்பியுள்ள ஒருங்கிணைந்த வரைகலைக்கு இது பேரிடியே. இத்தகைய வேளையில் ஒற்றைத் துண்டுடன் அமைவோம் என்னும் எண்ணம் தோன்றும். அதனைத் தவிர்த்தல் வேண்டும். பெட்டியின் கண்ணாடியையும் வண்ண விளக்கையும் துறந்து இரண்டாம் துண்டை வாங்குவோனே சிக்கனம் அறிந்தவன்.

மலிவு அட்டைக்கெனச் செலவிடப்படும் பணம் வெறுமையிலிருந்து வருவதன்று. இரண்டாம் றாம் துண்டிலிருந்தும், திண்மநிலைச் சேமிப்பகத்திலிருந்தும், நம்பத்தகுந்த மின்வழங்கியிலிருந்தும் அது பறிக்கப்படுகின்றது. தரமற்ற மின்வழங்கி தான் பழுதுறும்போது பிற உறுப்புகளையும் உடன் அழிக்கக்கூடியது. அட்டையின் பெயரைக் காத்துக் கணினியை இழத்தல் எவ்வகைச் சிக்கனம்?

முடிவாக நோக்குமிடத்து, தொகை குறைவாயின் வலிய ஒருங்கிணைந்த வரைகலையுள்ள செயலி, இரு துண்டுகளாக 16 கிகாபைற் நினைவகம், பிற்காலத்து அட்டையைத் தாங்கத்தக்க மின்வழங்கி ஆகியவற்றை வாங்கி, அட்டைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவைத்தல் தகும். தொகை போதுமாயின் 8 கிகாபைற்றுக்குக் குறையாத நினைவகமும் 200 கிகாபைற்றுக்குக் குறையாத பட்டையகலமும் உடைய அட்டையை வாங்குதல் தகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே ஜி.ரி. 710 உம் ஜி.ரி. 1030 உம் அவற்றின் வழித்தோன்றல்களும் கடை விரித்துள்ளன. அங்கு சென்று பொருள் கொள்வோர் இருக்கும்வரை, பழைய பெயரில் புதிய ஏமாற்றுகள் வந்துகொண்டேயிருக்கும். வெறுமையாக விடப்பட்ட இடம் நாளை ஒரு நல்ல அட்டையால் நிரம்பக்கூடும். சிற்றட்டைக்குக் கொடுத்த பணமோ மீளாது.